தென்னந்தோப்பில் கோகோ: கன்று வாங்குமுன் குழி வெட்டிப் பாருங்கள்

வளவனூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எனக்கு ஒன்றரை ஏக்கர் தென்னை இருக்குது. மரத்துக்கு இருபது வயசு ஆகுது. நடுவுல நெலம் சும்மாதான் கெடக்குது. கோகோ போடுங்கன்னு சொல்றாங்க. தென்னை இவ்வளவு நல்லா வர்ற மண்ணுல கோகோ வராதுங்களா?" இது அவர் ஒருவருடைய ஐயம் அன்று. தென்னை வைத்திருக்கும் சிறு உழவர் பலரும் இப்போது இதையே கேட்கின்றனர். ஆகவே இக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கோகோவின் மீது திடீரென்று இத்தனை ஆர்வம் எழுந்ததற்குக் காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் கோகோ விதையின் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக ஐவரி கோஸ்ட், கானா ஆகிய நாடுகளில் விளைச்சல் குறைந்ததே இதற்குக் காரணமாகும். செய்தி நம் ஊர்வரை வந்து சேருமுன் 2025இல் விலை பெரிதும் இறங்கிவிட்டது. கேரள உழவர்கள் இதற்கு முன்பே இதைப் பட்டறிந்தவர்கள். 1970களில் ஆர்வத்தோடு கோகோ நட்ட பலர், 1980களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது காய்த்துக் கொண்டிருந்த மரங்களையே வெட்டி எறிந்தனர். விலை ஏறி இறங்குவது நம் கையில் இல்லை. எந்த நிலத்தில் நடுகிறோம் என்பது நம் கையில் உள்ளது. கோகோ நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்குகிறது. முழு மகசூலுக்கு ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பின் 25 ஆண்டுகளுக்குக் குறையாமல் பலன் தரக்கூடிய மரம் அது. மண் ஒவ்வாது என்பது நான்காம் ஆண்டில் தெரியவந்தால், அதுவரை போட்ட உழைப்பும் பணமும் நீரும் திரும்பி வாரா.

நம் நாட்டிற்குக் கோகோ முதலில் வந்து சேர்ந்த இடமே தமிழ்நாடுதான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1798இல் குற்றாலத்தில் இது நடப்பட்டது. ஆயினும் வாணிகப் பயிராகப் பரவியது 1960களுக்குப் பின், கேரளத்திலும் கர்நாடகக் கடலோரத்திலும்தான். தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் கோகோ நன்கு காலூன்றியுள்ளது. அங்குள்ள தோப்புகளைச் சுற்றுலாவாகப் போய்ப் பார்த்து வந்தவர்கள், "அங்கேயும் தென்னை, இங்கேயும் தென்னை" என்று ஒப்பிட்டுவிடுகிறார்கள். இங்கேதான் தவறு தொடங்குகிறது.

தென்னை சொல்லும் சாட்சி செல்லாது

தென்னை மிகவும் சகிப்புத்தன்மை கொண்ட மரம். கடற்கரை மணலிலும் வரும். களிமண் கலந்த வயல் வரப்பிலும் வரும். ஓரளவு உப்பையும் தாங்கும். அதற்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் பக்கவாட்டில் ஓடி, எங்கே ஈரமும் காற்றும் உண்டோ அங்கே பிழைத்துக் கொள்கின்றன. வயலை மேடாக்கித் தென்னை வைத்து, அடியில் களி அப்படியே கிடந்தாலும் மரம் காய்த்துக் கொண்டுதான் இருக்கும்.

கோகோ அத்தகையதன்று. அமேசான் காட்டில், பெரிய மரங்களின் நிழலில், மக்கிய இலைச்சருகின்மேல் வளர்ந்த சிறு மரம் இது. அதன் வேர் இரண்டு வகையாக வேலை செய்கிறது. ஆணிவேர் நேராகக் கீழிறங்கி, தடையில்லாத மண்ணில் ஐந்தடிக்கும் அதிகமாகச் செல்லும். மரத்தை நிறுத்துவதும், கோடையில் அடி ஈரத்தைத் தேடுவதும் இந்த வேரே. உணவு எடுக்கும் வேர்களோ பெரும்பாலும் மேல்மண்ணில், முக்கால் அடிக்குள், பாய் விரித்தாற்போல் பரவிக் கிடக்கின்றன. ஆதலால் கோகோவிற்கு ஆழமும் வேண்டும், மேல்மண்ணில் மக்கும் வேண்டும். ஈரம் தங்கவும் வேண்டும், அதே சமயம் நீர் தேங்கவும் கூடாது. கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இந்த இரண்டு குணங்களும் ஒருங்கே அமைந்த மண்ணைத்தான் நாம் தேடவேண்டியுள்ளது. ஐந்தடி ஆழத்திற்குப் பாறையோ, இறுகிய களித்தட்டோ, நிலத்தடி நீரோ குறுக்கிடாமல் இருத்தல் முதல் தகுதியாகும்.

உங்கள் தோப்பில் சாட்சி கேட்க வேண்டுமானால் தென்னையைக் கேளாதீர்கள், பலாவைக் கேளுங்கள். பலா நீர் தேங்கும் இடத்தில் நிலைக்காது. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் அது செழித்து நிற்பதற்கு அங்குள்ள ஆழமும் வடிகாலுமே காரணம். தோப்பிலோ அடுத்த கொல்லையிலோ நாட்பட்ட பலா மரம் ஒன்று நன்றாகக் காய்த்து நின்றால் அது நல்ல அறிகுறி. பப்பாளி மழைக்காலத்தில் அடியழுகிச் சாயாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். கோரை மண்டிக் கிடக்கும் இடமும், கோடையில் வெள்ளையாக உப்புப் பூக்கும் இடமும் கோகோவிற்கு ஆகா.

நம் வட்டாரத்து மண்

வளவனூரைச் சுற்றிப் பத்துக் கல் தொலைவுக்குள் மண் எத்தனை விதமாக மாறுகிறது என்பது இங்கு ஏர் பிடித்தவர்களுக்குத் தெரியும். கோகோவின் கண் கொண்டு அதை மீண்டும் ஒருமுறை பார்ப்போம்.

ஏரிப் பாசன நஞ்சைகள் முதலாவது. இவை களிப்பாங்கான நிலங்கள். தலைமுறை தலைமுறையாகத் தொளி கலக்கி நெல் நட்டதால், அரை அடி முதல் முக்கால் அடிக்குக் கீழே ஓர் இறுகிய தட்டு உண்டாகியிருக்கும். நெல்லுக்கு அது நன்மை. நீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்கி நிற்கும். அந்த நிலத்தையே பின்னர்த் தென்னந்தோப்பாக மாற்றினாலும் தட்டு தானாகக் கரைந்து போவதில்லை. மேலும் ஏரி நிரம்பியதும் கரைக்குக் கீழுள்ள நிலங்களில் ஊற்று ஏறும். கார்த்திகையில் உங்கள் கிணற்று நீர் குனிந்து மொண்டு எடுக்கும் அளவுக்கு உயர்ந்துவிடுகிறதா? அப்படியானால் உங்கள் நிலத்தடி நீர் கோகோவின் ஆணிவேர் இருக்கவேண்டிய இடத்தில் நிற்கிறது என்று பொருள். இத்தகைய நிலத்தில் கோகோ வேண்டாம் என்றே சொல்வோம்.

தென்பெண்ணை, சங்கராபரணி ஆகிய ஆறுகளை ஒட்டிய படுகை வண்டல் இரண்டாவது வகை. ஆழமும் சத்தும் உள்ள, கையில் பிடித்தால் பொலபொலவென உதிரும் வண்டல் அமைந்திருந்தால் நம் வட்டாரத்தில் கோகோவிற்கு இதுவே முதல் தரமான நிலம் எனலாம். ஆனால் படுகை ஒரே சீராக இருப்பதில்லை. மேலே மூன்றடி நல்ல வண்டல், கீழே வெறும் ஆற்றுமணல் என்றும் இருக்கும். மணலுக்கு இடையே ஒரு சாண் களி ஓடுவதும் உண்டு. மேலாக உழுது பார்த்தால் இது தெரியாது.

மூன்றாவது, திண்டிவனம், மயிலம், வானூர்ப் பக்கத்து மேட்டுச் செம்மண். மணிலாவுக்குப் பேர்போன இந்நிலங்களில் வடிகாலுக்குக் குறைவில்லை. குறை ஆழத்திலும் ஈரப்பிடிப்பிலும்தான். சில இடங்களில் ஒன்றரை அடியிலேயே சரளை தட்டும். சில இடங்களில் மூன்றடியில் பாறை. ஆழமான செம்மண்ணாக இருந்து, கோடையிலும் வற்றாத கிணறும் இருந்தால், தழையும் மக்கும் சேர்த்துக் கோகோவிற்குப் பண்படுத்திக் கொள்ளலாம்.

நான்காவது வகைதான் ஆளை ஏமாற்றக்கூடியது. வளவனூருக்கு அருகே வழுதாவூர் என்னும் ஊர் உங்களுக்குத் தெரியும். புவியியல் அறிஞர்கள் அவ்வூரின் பெயரையே ஒரு பாறை அடுக்குக்குச் சூட்டியிருக்கிறார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலடியில் இருந்தபோது படிந்த சுண்ணாம்பு கலந்த அடுக்கு அது. கிளிஞ்சல் புதைபடிவங்களும் அதில் காணப்படுகின்றன. இந்த அடுக்கு மேலே நெருங்கியிருக்கும் நிலங்களில் இரண்டு மூன்று அடிக்குக் கீழ் சுண்ணாம்பு மிகுந்திருக்கக்கூடும். மேல்மண் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நெல்லும் கரும்பும் வரும். ஆணிவேர் சுண்ணாம்பைத் தொட்ட பிறகுதான் கோகோவில் குறை தெரியத் தொடங்கும்.

மரக்காணம் பக்கத்து உப்பளங்களை ஒட்டிய கடலோர மணலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்னைக்கு அது போதும், கோகோவிற்குப் போதாது.

ஆகவே, "வளவனூரில் கோகோ வருமா?" என்று பொதுவாகக் கேட்டால் விடை சொல்ல இயலாது. "இந்தச் சர்வே எண்ணில், தோப்பின் இந்த மூலையில் வருமா?" என்று கேட்டால்தான் விடை உண்டு. அதை அறியக் குழி வெட்ட வேண்டும்.

குழி வெட்டும் முறை

கோடையில், அறுவடை வேலை ஓய்ந்த நாளில், தோப்பில் இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவே, அதாவது கோகோ நடப்போகும் இடத்திலேயே, நான்கடி நீளம், மூன்றடி அகலத்தில் ஐந்தடி ஆழத்திற்கு ஒரு குழி வெட்டுங்கள். ஏக்கருக்கு ஒன்று போதும். ஆனால் மேடும் பள்ளமுமான நிலத்தில் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக இரண்டு வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் குழிச்சுவர் சரியக்கூடும். எனவே குழிக்குள் தனியாக ஒருவர் இறங்கி வேலை செய்தல் கூடாது. பிள்ளைகளும் ஆடுமாடும் விழாதபடி சுற்றிலும் முள் வைத்து அடைத்தல் அவசியம். பக்கத்தில் யாராவது வீட்டுக்கு அடித்தளமோ, தொட்டியோ, புதுக் கிணறோ தோண்டினால் போய்ப் பாருங்கள். காசில்லாமல் கிடைக்கும் பாடம் அது.

குழியின் ஒரு சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழாகச் செதுக்கிச் சுத்தம் செய்தால் மண் அடுக்கடுக்காகத் தெரியும். முதலில் நிறத்தைப் பாருங்கள். மேலே கருமை கலந்த பழுப்பும், கீழே போகப்போகச் சிவப்போ மஞ்சள் கலந்த பழுப்போ ஒரே சீராக இருந்தால் அந்த மண்ணுக்குள் காற்று உலாவுகிறது. சாம்பல் நிறமோ நீலம் கலந்த சாம்பலோ இருந்து, அதனிடையே துருப்பிடித்தாற்போல் செம்புள்ளிகள் தெரிந்தால், ஆண்டில் சில மாதங்களாவது அங்கே நீர் தேங்கி நிற்கிறது என்று அறியலாம். இந்தப் புள்ளிகள் நல்ல கோடையிலும் அழிவதில்லை. நிலத்தை விற்பவர் "இங்கே தண்ணியே நிக்காதுங்க" என்று சொன்னாலும் மண் உள்ளதைச் சொல்லிவிடும். மூன்றடிக்கு மேல் இப்புள்ளிகள் தென்பட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து, கத்தி முனையால் சுவரை மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டே வாருங்கள். சட்டென்று கத்தி இறங்க மறுக்கும் இடம்தான் தட்டு. அந்தத் தட்டு அரை அடி முதல் ஓரடிக்குள் இருந்து, அதன் கீழ் மண் மீண்டும் இளகியிருந்தால் அது உழவால் உண்டானது. குழியெடுக்கும்போது உடைத்து விடலாம். இரண்டடிக்குக் கீழே, கனமாக, குழி முழுதும் ஓடினால் அது நிலத்தின் இயல்பு. அதை உடைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தென்னை வேர்களையும் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் வேர்கள் எல்லாம் கீழே போகாமல் பக்கவாட்டில் மடங்கி ஓடினால், அங்கே ஏதோ தடை இருக்கிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது வேரோடு சாய்ந்த மரங்களை நினைவிருக்கிறவர்கள், எந்த நிலத்து மரத்தின் வேர் தட்டையாக, கீழே இறங்காமல் இருந்தது என்பதையும் நினைவுபடுத்திப் பார்க்கலாம்.

பிறகு நீர்ச் சோதனை. குழியின் அடியில் ஓரடி உயரத்திற்கு நீர் ஊற்றி முழுதும் இறங்க விடுங்கள். மறுநாள் அதே அளவு நீரை மீண்டும் ஊற்றி, ஒரு குச்சியில் அளவு குறித்து மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முதல்நாள் நீர் காய்ந்த மண்ணின் தாகத்தைத் தீர்க்கவே போய்விடும். இரண்டாம் நாள் கணக்குத்தான் சரியான கணக்கு. மணிக்கு ஓர் அங்குலமும் அதற்குச் சற்று மேலும் இறங்கினால் வடிகால் நன்று. மறுநாள் காலையிலும் நீர் அப்படியே நின்றால் முடிவு தெரிந்துவிட்டது. ஊற்றியவுடன் மாயமாய் மறைந்தால் அது வெறும் மணல். கோடையில் அங்கே நீர் பாய்ச்சிக் கட்டுப்படியாகாது.

முடிந்தால் குழியை மூடாமல் வேலியிட்டு ஐப்பசி, கார்த்திகை வரை வைத்திருங்கள். இரண்டு மழைக்கு நடுவே குழியில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. தரைக்குக் கீழ் நாலடிக்குள் நீர் ஏறி நாட்கணக்கில் நின்றால் கோகோ அந்த இடத்திற்கு உரியதன்று. ஆறு மாதம் பொறுத்திருப்பது சிலருக்குக் கசக்கும். இருபத்தைந்து ஆண்டு மரத்திற்கு ஆறு மாதம் பெரிதல்ல என்பது எங்கள் கருத்து.

காத்திருக்க இயலாதவர்களுக்கு ஓர் அண்மை நினைவே போதுமானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. தொடர்ந்து தென்பெண்ணையிலும் வெள்ளம் பெருகியது. அந்த மழையில் எந்த நிலத்திலும் நீர் நின்றிருக்கும், அதில் குற்றமில்லை. வெள்ளம் போன பிறகு உங்கள் தோப்பில் நீர் எத்தனை நாளில் வடிந்தது என்பதுதான் கேள்வி. கோகோ சில நாட்கள் நீரில் நிற்கத் தாங்கும். வாரக்கணக்கில் நின்றால் உணவு வேர்கள் மூச்சு முட்டி அழுகும். தப்பிப் பிழைத்த மரத்திலும் கருங்காய் அழுகல் போன்ற பூசண நோய்கள் பற்றிக் கொள்ளும்.

களியும் மணலும்

கோகோவிற்கு உகந்த மண்ணில் நூறு பங்கில் 50 பங்கு மணலும், 30 முதல் 40 பங்கு களியும், மீதி வண்டலும் இருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். இதை வீட்டிலேயே தோராயமாக அறியலாம். குழியில் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழங்களில் தனித்தனியாக மண் எடுங்கள். கட்டிகளை நொறுக்கிக் கல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டு, நேரான கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை சலவைத்தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் படியும். அதன்மேல் வண்டல் இரண்டொரு மணியில் படியும். களி மறுநாள்தான் தெளியும். களி நீரில் ஊறிப் பருத்துத் தெரியும் என்பதால் இதை முழுக் கணக்காகக் கொள்ள வேண்டாம்.

புட்டியும் வேண்டாம் என்பவர்கள் மண்ணைப் பிசைந்து பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்து நாடா போலத் தள்ளுங்கள். நாடாவே வராவிட்டால் மணல். ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வந்து ஒடிந்தால் நமக்கு வேண்டிய களிகலந்த இருமண். இரண்டு அங்குலத்திற்கு மேல் ஒடியாமல் வழவழவென நீண்டால் அது பானை வனையும் களி; குயவருக்கு நல்லது.

சுண்ணாம்பைக் கண்டறிதல்

குழிச்சுவரில் வெண்மையான சிறு உருண்டைகளோ, சுக்கான்கற்களோ தெரிகின்றனவா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சுண்ணாம்பு இருக்கக்கூடும். ஒவ்வோர் அடியிலும் சிறிது உலர்ந்த மண்ணை எடுத்து அதன்மேல் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு, காதருகே பிடியுங்கள். நுரைத்துச் சிறு ஓசை கேட்டால் சுண்ணாம்பு மிகுதி. எலுமிச்சைச் சாறு வீரியம் குறைந்தது. குறைந்த அளவு சுண்ணாம்பை அது காட்டாது. ஆய்வுக்கூடத்தில் நீர்த்த ஹைட்ரோ குளோரிக் அமிலம் கொண்டு இதைத் திட்டமாகச் சொல்வார்கள்.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் பயிருக்குக் கிட்டா. கோகோவின் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றவை வெளுத்துக் காணும். துத்தநாகம் குறைந்தால் இலை அகலம் குறைந்து அரிவாள் போல் வளையும். இலைவழித் தெளிப்பால் தற்காலிகமாகப் பச்சை திரும்பும். ஆண்டுதோறும் தெளித்துக்கொண்டே இருக்கச் சித்தமாக இல்லாதவர்கள் அந்நிலத்தில் நடாமலிருப்பது நலம்.

ஆய்வுக்கூடத்திற்கு மண் அனுப்புதல்

குழியைப் பார்த்து மனம் நிறைவடைந்த பின்னரே மண் பரிசோதனைக்குச் செல்லுங்கள். நெல்லுக்கு எடுப்பதுபோல் மேல்மண் மட்டும் எடுத்தால் மரப்பயிருக்குப் பயன்படாது. தோப்பில் நாலைந்து இடங்களில் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழத்து மண்ணைத் தனித்தனியே எடுங்கள். ஒரே ஆழத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ வீதம் மூன்று துணிப்பைகளில் இடவேண்டும். எரு கொட்டிய இடம், மாடு கட்டும் இடம், வரப்போரம், அண்மையில் உரமிட்ட வட்டப்பாத்தி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கிணற்று நீரையும் ஒரு சுத்தமான புட்டியில் கூடவே கொண்டு செல்லுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நல்ல மண்ணை உவர் நீர் சில ஆண்டுகளில் கெடுத்துவிடும்.

வந்த அட்டையில் மூன்று எண்களை முதலில் பாருங்கள். கார அமில நிலை 6.6 முதல் 7 வரை இருப்பது மிக நன்று. 5 முதல் 7.5 வரை ஏற்கலாம். மூன்றடி மண்ணில் 8ஐத் தாண்டினால் வேண்டாம். உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் 1க்குக் கீழ் இருக்கவேண்டும். மூன்றாவது, அங்ககக் கரிமம். கோகோ வளரும் நல்ல மண்ணின் மேல் அரையடியில் மக்கு 3.5 சதம் இருக்கவேண்டும் என்பர். கரிமக் கணக்கில் அது ஏறத்தாழ 2 சதம். நம் செம்மண் நிலங்களில் அரை சதம் இருந்தாலே மகிழ வேண்டியிருக்கிறது. தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அவற்றை உரமாக இட்டுச் சரிசெய்து கொள்ளலாம்.

எதைச் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்ய இயலாது

மக்குக் குறைவைச் சரிசெய்யலாம். தென்னை மட்டை, ஓலை, உரிமட்டை ஆகியவற்றை எரிக்காமல் தோப்பிலேயே பரப்புங்கள். நடுவதற்கு முன் இரண்டு பருவம் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழுங்கள். கோகோ வளர்ந்த பின் அதன் சருகே கீழே விழுந்து மக்கும். அதைக் கூட்டி வாரக்கூடாது. செம்மண்ணில் ஈரப்பிடிப்புக் குறைவானால் ஏரி வண்டல் இட்டுப் பயன் பெறலாம். அந்த வண்டலிலும் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள். உழவுத் தட்டை உடைக்கலாம். மழைநீர் மேலே ஓடி வந்து தேங்குவதாக இருந்தால் வரிசைக்கு ஒரு வடிகால் எடுத்துப் போக்கலாம்.

ஆழமின்மையை எதனாலும் ஈடுசெய்ய முடியாது. ஏரி ஊற்றையும் அடிச் சுண்ணாம்பையும் மாற்ற இயலாது. களர் நிலத்திற்கு ஜிப்சம் இட்டு நெல் எடுக்கிறோமே என்று சிலர் கேட்பதுண்டு. நெல்லின் வேர் ஓரடிக்குள் முடிந்துவிடுகிறது. ஐந்தடி ஆழத்து மண்ணைத் திருத்த எத்தனை வண்டி ஜிப்சம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மேட்டுப்பாத்தி அமைத்து நடுவது உணவு வேர்களுக்கு ஓரளவு உதவும். ஆணிவேர் கடைசியில் நீரைத்தான் சென்று தொடும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ ஆயிரம் மி.மீ. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. தை முதல் ஆனி வரை கோகோ உங்கள் கிணற்றை நம்பித்தான் வாழவேண்டும். வளர்ந்த மரத்திற்குக் கோடையில் நாளொன்றுக்கு 20 லிட்டர் வீதம் சொட்டு நீர் தேவை. 25 அடி இடைவெளியுள்ள தென்னை வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசையாக 10 அடிக்கு ஒரு கன்று வைத்தால் ஏக்கருக்கு 170 முதல் 180 கன்றுகள் பிடிக்கும். அப்படியானால் நாள்தோறும் மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர் நீர் தென்னைக்குப் போக மிச்சம் இருக்கவேண்டும். சித்திரையில் மோட்டார் அரைமணி ஓடி நின்றுவிடும் கிணறாக இருந்தால் மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதில் இறங்க வேண்டாம்.

மண் ஏற்றதாக அமைந்தால் முதல் ஆண்டில் ஏக்கர் முழுதும் நடாமல், குழியில் நல்ல மண் கண்ட பகுதியில் இருபது முப்பது கன்றுகளோடு தொடங்குவது சிறு உழவர்களுக்கு உகந்தது. கன்றுக்கு ஒன்றரை அடிக் கனக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, மழை தொடங்கும்போது நடலாம். புயல் மழைக்காலத்தின் நடுவே நடவேண்டாம்.

மேற்சொன்ன உழவரின் தோப்பு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. கார்த்திகையில் கிணறு தளும்பும் என்று அவரே சொன்னார். அவருக்கு நாங்கள் கோகோவைச் சொல்லவில்லை. களியும் ஈரமும் உள்ள அந்நிலத்திற்குத் தென்னை நிழலில் சேப்பங்கிழங்கு வரும். கறவை மாடு இரண்டு வைத்திருக்கிறார். ஆதலால் சற்று மேடாக, வெயில் விழும் ஓரத்தில் கோ 4 தீவனப்புல் நடலாம் என்றும் கூறினோம். தோப்பின் வடமேற்கு மூலையில் பத்து சென்ட் மேட்டு நிலம் இருப்பதாகவும் அங்கே ஒரு பழைய பலா நிற்பதாகவும் பிறகு சொன்னார். அங்கே மட்டும் சித்திரையில் குழி வெட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். மண்ணும் நீரும் எடுத்துவைத்திருப்பவர்கள் விழுப்புரம் மண் பரிசோதனை நிலையத்தையோ, திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். குழிச்சுவரில் கண்ட அடுக்குகளின் நிறத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்து உடன் கொண்டு செல்லுங்கள்.